தினமும் எழுதிய மூன்று வரி

என் அக்காவுக்கு நானூறு இங்கிலீஷ் வார்த்தையாவது தெரியும். எழுதத்தான் ஒரு வரி வராது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு தேய்க்கிறாள். அங்கே செக் பண்ணுவார்கள், டைட் பண்ணுவார்கள், ரிப்பேர் பண்ணுவார்கள். எந்த வார்த்தையானாலும் ‘பண்ணு’வை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது என்றதும் மாலை இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அந்த மொழியில் வார்த்தை வேலைக்குத் தக்கபடி உருவத்தையே மாற்றிக்கொள்கிறதாம். டேஞ்சர் என்றால் ஆபத்து, டேஞ்சரஸ் என்றால் ஆபத்தான, எண்டேஞ்சர் என்றால் ஆபத்தில் தள்ளுவது. லூஸை லூசன் என்று நீட்டினால் தளர்த்துவது. கிளீன் மட்டும் உருவம் மாறாமலே எல்லா வேலையும் பார்க்கிறது. “கிளீன்தான் நம்ம ஆளு” என்றாள்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் மூன்று பத்தியாகக் கோடு போட்டு இந்த வார்த்தைகளை எழுதி வைத்தாள். உப்பு எடுக்கப் போனாலும் பாடம்தான். கலெக்டர் ஆகப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கூடத்தில் தேய்க்கும் உருளை இயந்திரத்துக்கென்று ஒரு நோட்டு உண்டு. காலையில் வருபவர் முறைவைத்து அதில் மூன்று வரி இங்கிலீஷில் எழுத வேண்டும். ஆறு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன மெக்கானிக் கடைசியாக எழுதியதையே எல்லாரும் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிவந்தார்கள். இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமாம். வாரக் கடைசியில் மேனேஜர் கையெழுத்துப் போடுவார்.

போன மாதம், அவளோடு வேலை செய்யும் நெட்டையனின் விரல்கள் உருளையில் சிக்கி நசுங்கின. அஜாக்கிரதை என்று சொல்லி அவனை வேலையை விட்டு நீக்க மேனேஜர் கடிதம் தயார் செய்தார். இயந்திரத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லையே என்றார்.

மறுநாள் எழுதும் முறை அக்காவுடையது. பாதி எழுதும்போது முதல்முறையாக அர்த்தம் புரிந்து அவள் கை நின்றுவிட்டது. உருளையின் தடுப்பு தளர்ந்துவிட்டது, கைகளை ஆபத்தில் தள்ளுகிறது, உடனே இறுக்கவும். இதைத்தான் ஆறு வருடமாக எழுதியிருக்கிறார்கள். தடுப்பு ஆடுவது எல்லாருக்கும் பழகியும் போயிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதாள். சொன்னால் கூடமே கேலிக்கூத்தாகும். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பவரும் அதே மேனேஜர். வாயை மூடிக்கொண்டு இரு என்று நான்தான் புத்தி சொன்னேன்.

அவள் கேட்கவில்லை. காலையில் எல்லார் முன்னாலும் நோட்டை மேனேஜரின் மேசையில் விரித்து மூன்று வரியையும் படித்து, அர்த்தமும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார்.

“அர்த்தம் தெரியாமலா இத்தனை வருஷம் எழுதுனீங்க?”

“ஆமா சார். நாங்க தெரியாம எழுதுனோம். நீங்க தெரிஞ்சும் படிக்காம கையெழுத்துப் போட்டீங்க. அந்தத் தம்பி மட்டும் எதுக்கு வேலைய விட்டுப் போகணும்?”

நெட்டையனின் வேலை போகவில்லை. மேற்பார்வையாளர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அக்கா அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தடுப்பை மட்டும் அன்று மதியமே வந்து சரிசெய்தார்களாம். இரண்டு திருகாணி, கால் மணி நேரம். அதைச் சொல்லும்போதுதான் மறுபடியும் அழுதாள்.