பட்டி பூசிய படகு

வெள்ளைக்காரன் காலத்துப் பாய்மரப் படகு அது. பேரப்பிள்ளைகளோடு கடலில் போக ஆசைப்பட்ட ஒரு பட்டாளத்துக்காரர், தூத்துக்குடியில் வாங்கி, பழுதுபார்க்க ராஜபாளையத்திலிருந்த தன் தோப்புக்குக் கொண்டுவந்திருந்தார். பழுதுபார்த்த மேஸ்திரி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சட்டை கசங்காத மனிதர். பலகையை மோதிரத்தால் தட்டிக் காட்டுவார். உளுத்த சத்தம் கேட்டால், அது காதில் விழாதபடி உடனே இருமுவார்.

பெயிண்ட் அடிக்கப் போன எனக்குப் பேச்சு அதிகம் வராது. ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அடிப்பலகை இத்துப்போச்சே. பட்டி பூசி மறைச்சா பிள்ளைக முங்கிராதா?"

"ஏலே, கடல்ல போறது நீயா? பெயிண்ட அடி."

பட்டாளத்துக்காரர் வந்ததும், பட்டி பூசும் தகட்டை அடிப்பலகையில் குத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போனது.

மேஸ்திரி முகம் மாறவே இல்லை. "பாத்தீகளா ஐயா, இதக் கண்டுபிடிக்கத்தான் இவன வச்சிருக்கேன்" என்று சிரித்து, என் தோளில் கைபோட்டார்.