சம்ப் சுத்தம் செய்வது எப்படி?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்பத்தூரில் அக்கா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, திருநின்றவூருக்குத் திரும்ப ரயிலேறி உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"சம்ப் சம்ப்னு மூணு மாசமா உயிரை எடுத்தியே, இன்னிக்கு முடிச்சிடறேன். காலையிலயே மோட்டார் போட்டுத் தண்ணியை இறைச்சாச்சு. போன்ல தேடினேன், மேலயே போட்டிருக்கான். நாலே நாலு வேலைதான், கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தார். தண்ணீரை முழுவதும் இறைக்கவும். உள்ளே இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளவும். பழைய ஈர்க்குத் துடைப்பத்தால் பாசி போகச் சுவரைத் தேய்க்கவும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவவும்.

பழைய ஈர்க்குத் துடைப்பமா? அட, அது நான் எழுதினதாச்சே!

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். என் பக்கம் மேலே வந்துவிட்டது. நான் இணையதளம் நடத்துகிறேன் என்று தெரிந்தும் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், நான் எழுதினது என்று தெரியாமலே எனக்கே படித்துக் காட்டுகிறார். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள், அந்தப் பக்கத்தில் நான் செய்துவைத்த காரியம் ஞாபகம் வந்தது.

வீட்டுப் பராமரிப்பு பற்றித் தமிழில் எழுதுகிற தளம் என்னுடையது. ஒழுகும் குழாய், ஓதமேறிய சுவர், கரையான் என்று ஆறு வருடமாக எழுதுகிறேன். அதில் முதன்முதலாக எழுதியதே இந்த சம்ப் கட்டுரைதான். சென்னைப் பக்கம் தரைக்கடியில் தண்ணீர் தேக்கி வைக்கும் தொட்டியை சம்ப் என்போம். நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தபோது, எதிர்வீட்டில் ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஒருவர் இறங்கினார். சத்தம் வரவில்லையே என்று அவர் தம்பி குனிந்து பார்த்து, அவரும் இறங்கினார். இரண்டு பேரையும் பிணமாக வெளியே தூக்கிப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். உள்ளே காற்று கெட்டுப்போயிருந்ததாம். அதனால்தான் என் கட்டுரையின் முதல் வரியே, "மூடிக் கிடந்த சம்ப்புக்குள் இறங்காதீர்கள், தலையைக்கூட விடாதீர்கள், காற்று ஊதும் இயந்திரத்தோடு வருகிற பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்" என்று இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தேடுபொறிகள் தாங்களே பதிலைச் சுருக்கி மேலே எழுத ஆரம்பித்த பிறகு, என் பக்கத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. பதில்தான் மேலேயே கிடைக்கிறதே, உள்ளே யார் வருவார்கள்? விளம்பர வருமானமும் படுத்துவிட்டது. ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பாடம் எடுத்த பையன் என் பக்கத்தைத் திரையில் போட்டு, "மேடம், எடுத்த எடுப்புல பதில் வரணும். அப்பதான் அந்தச் சுருக்கத்துல உங்களைச் சேர்ப்பாங்க. இந்த எச்சரிக்கை பதிலே இல்ல, கீழ தள்ளிடுங்க. வாக்கியத்தையும் சின்னதாக்குங்க" என்றான். தள்ளினேன். "பழகிய ஆள் உள்ளே இறங்கி" என்று இருந்ததை "உள்ளே இறங்கி" என்று வெட்டினேன். நடுவில் ஒரு விளம்பரப் பெட்டியும் வைத்தேன். அந்தப் பையன் என் கையைப் பிடித்தா மாற்றினான்? எல்லாம் நானே செய்ததுதான்.

எங்கள் சம்ப்பில் போன மழைக்குத் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றிலிருந்து மூடியே கிடக்கிறது.

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். திருமுல்லைவாயல் போய் அண்ணனூர் வந்தது, எடுக்கவில்லை. போன் இரண்டு தடவை மடியில் விழுந்தது. "என்னங்க, எடுங்களேன், பாவி மனுஷா, எடுங்களேன்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி, ஆவடியில் நின்றால் கிளம்ப மனசே வராது. இறங்கி ஓடலாமா என்று எழுந்தேன். ஓடினால் எங்கே போய்ச் சேருவேன்? மறுபடி உட்கார்ந்தேன்.

திருநின்றவூரில் எங்கள் எதிர்வீட்டில் மாவுக்கடை வைத்திருக்கும் பெண்ணின் நம்பர் இருந்தது. அவளும் முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள்.

"இன்னாக்கா, கடைல கூட்டம் கீது. அப்பால பேசட்டா?"

"வச்சிடாதே! எங்க வீட்டுக்கு ஓடு. அவர் சம்ப்புக்குள்ள இறங்கப் போறாரு, இறங்கவிடாதே. போனைக் கட் பண்ணாம ஓடு!"

நான் கத்தின கத்தலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் ஓடுவது கேட்டது. எங்கள் கேட் கிறீச்சிடுவதும் கேட்டது. "அண்ணாத்தே! அண்ணாத்தே! எங்க கீறீங்க?" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

"அக்கா, மூடி தொறந்து கீது. ஏணி உள்ள எறக்கி வச்சிக் கீது. ஆளக் காணோம்."

அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. காதில் ரயில் சத்தம்கூட விழவில்லை.

"இருக்கா, உள்ள குனிஞ்சு பாக்கறேன்."

"வேணாம்!" என்று அலறினேன். "தலையை விடாதே! கிட்டயே போகாதே, தள்ளி நில்லு!"

என் புருஷன் உள்ளே கிடக்கிறாரோ என்னவோ, பார்க்கப் போகிறவளை நானே பார்க்காதே என்கிறேன். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்தத் தம்பி குனிந்த மாதிரி இவளும் குனிந்தால்? "ஃபயர் சர்வீஸுக்கு அடி, ஆம்பளைங்க யார் வந்தாலும் இறங்கவிடாதே" என்று அழுதுகொண்டே சொன்னேன். பக்கத்துப் பெண்மணி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது போனில் ஒரு ஆண் குரல் கேட்டது. "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

அவர்தான். இரண்டு படி இறங்கியிருக்கிறார். நாற்றம் குடலைப் பிடுங்கவே, மூக்கில் கட்டிக்கொள்ள வீட்டுக்குள் துண்டு தேடப் போயிருக்கிறார். பீரோவைக் குடைந்துகொண்டிருந்ததில் எதுவும் காதில் விழவில்லை. துண்டு கைக்குக் கிடைத்து, அதைக் கட்டிக்கொண்டு இறங்கத்தான் வந்திருக்கிறார். துண்டா காப்பாற்றும்? மாவுக்கடைக்காரி ஏணியை இழுத்து வெளியே போட்டுவிட்டு, நான் வரும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரை அடித்தேன். நிஜமாகவே தோளில் இரண்டு அடி. சத்தம் கேட்டு வந்திருந்த அக்கம்பக்கத்தார் முன்னால் அவருக்கு அவமானமாகப் போய்விட்டது.

"நானா கண்டுபிடிச்சேன்? மேலயே போட்டிருக்கான், பாரு. முதல்ல வர்றதைத் தப்பாவா போடுவான்? யாரோ விஷயம் தெரிஞ்சவங்கதானே எழுதியிருப்பாங்க!"

போனை வாங்கி, அந்தப் பதிலுக்குக் கீழே சின்னதாக இருந்த இணைப்பை அமுக்கிக் கொடுத்தேன். என் தளத்தின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அடிப்பாவி, நீயா!" என்றார். நாலு வரியையும் மறுபடி படித்தார். விரலால் தள்ளினார். டைல்ஸ் விளம்பரம் வந்தது. இன்னும் தள்ளினார். எச்சரிக்கை வந்தது. அதை வாய்க்குள்ளேயே படித்தார். அம்பத்தூர் எதிர்வீட்டு அண்ணன் தம்பியை அவருக்கும் தெரியும். இரண்டாவது ஆளைத் தூக்கும்போது கால் பிடித்தவரே இவர்தான்.

போனை என் பக்கம் நீட்டிக் கேட்டார். "இதை ஏன் கீழ வெச்சே?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். எழுந்து போய்க் கணினியைத் திறந்தேன்.

பொழுது சாய்வதற்குள் எச்சரிக்கையை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். விளம்பரத்தை எடுத்தேன். "உள்ளே இறங்கி" என்பதையே அடியோடு நீக்கினேன். மறுநாள் தேடிப் பார்த்தேன், மேலே அதே நாலு வரி. தேடுபொறி இன்னும் பழசைத்தான் வைத்திருக்கிறது, மாறிவிடும் என்று வகுப்புப் பையன் சொன்னான். மாறவும் செய்தது. பத்து நாள் கழித்து அந்தச் சுருக்கத்தில் என் இணைப்பு இல்லை. ஆனால் நாலு வரியும் இருந்தன, ஈர்க்குத் துடைப்பம் உட்பட. இப்போது கீழே வேறொரு தளத்தின் பெயர். போய்ப் பார்த்தால், நான் வெட்டிச் சின்னதாக்கிய பக்கத்தை யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். என் எச்சரிக்கையை மட்டும் எடுக்கவில்லை. அந்தத் தளத்துக்கு எழுதினேன், கெஞ்சினேன், திட்டியும் எழுதினேன். தேடுபொறிக்கும் புகார் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

தினமும் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தேடிப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன், இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆம்பளைகள் வீட்டில் இருக்கிற நாள். எந்த ஊரில் எவர் சம்ப் மூடியைத் திறக்கிறாரோ. அன்றைக்காவது கூப்பிட எனக்கு ஒரு நம்பர் இருந்தது.