பெயர் வராத கடிதம்

போன வாரம் என் மகள் என்னைத் திட்டினாள். ஆங்கிலத்தில்.

தமிழில் திட்டினால் பாதி வார்த்தை அவளுக்கு வராது, நான் தப்பித்துவிடுவேன். ஆங்கிலம் என்றால் விஷயம் சீரியஸ்.

நான் செய்த குற்றம் இதுதான். சமீராவுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. இந்தத் தேர்தலில் முதல் ஓட்டு. இங்கே டெக்சஸில் ஓட்டுப் போடும் இடத்தில் செல்போனைப் பார்க்கக் கூடாது. ஆனால் கையால் எழுதிய குறிப்பைக் கொண்டுபோகலாம். ஆகவே, தகப்பன் என்ற முறையில் ஓர் அட்டை தயார் செய்தேன். மேலே பெரிய பதவிகள். நடுவில் நீதிபதிகள் — ஆமாம், இங்கே நீதிபதிக்கும் ஓட்டுப் போட வேண்டும். கடைசியில் எங்கள் ஊரின் நடைபாதைத் தீர்மானம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் நீல மையில் ஒரு டிக்.

அவள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தா, வாட் இஸ் திஸ்?"

"உனக்கு ஈஸியா இருக்குமேன்னு..."

"திஸ் இஸ் யுவர் வோட். நாட் மைன்."

"இவ்வளவு வருஷமா ஒவ்வொண்ணா ஃபாலோ பண்ணிருக்கேன் சமீ—"

"டேல் அங்கிள் ஹேஸ் ஃபோர் ஹண்ட்ரட் பீப்பிள் லிசனிங் டு ஹிம். ஹீ டஸ்ன்ட் டெல் தெம். யூ ஹேவ் ஒன் கிட்!"

சமையலறையிலிருந்து என் மனைவி ஜீனத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

டேல் அங்கிள் யார்? டல்லாஸ் பக்கம் காப்பெல் என்ற எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர். பல் டாக்டர். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் சபையில் பிஷப். பிஷப் என்றதும் அங்கியும் மோதிரமும் நினைக்காதீர்கள். அந்தந்த ஊர் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் என்று யாரும் கிடையாது. ஒரு குடும்பஸ்தரைக் கூப்பிட்டு, 'சில வருஷம் நீ பார்த்துக்கொள்' என்பார்கள். வாரமெல்லாம் பல் பிடுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபையைப் பார்ப்பார் டேல். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முத்தவல்லி மாதிரிதான் — சம்பளம் இல்லை, புகார் மட்டும் உண்டு.

காபி, டீ தொடமாட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருப்பார். எங்கள் வீட்டு இஃப்தாருக்கு வந்தால் நோன்புக் கஞ்சி மூன்று கப். "உங்களுக்கு முப்பது நாள், எங்களுக்கு மாசம் ஒரு நாள். ஜெயிச்சது நீங்கதான், ஷா" என்பார். (அவருடைய இழுவையான டெக்சஸ் ஆங்கிலத்தை நம் தமிழில் தருகிறேன். நான் ஷாஜஹான், அவருக்குப் பாதிதான் வாயில் நுழையும்.)

கதை செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. டைரியில் இருக்கிறது: செவ்வாய்க்கிழமை, மாலை 6.40. டேலின் மனைவி லிண்டா வந்தார். வாக்காளர் பதிவுக்குக் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, நியமித்த தன்னார்வலர் அவர். சமீராவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்களுக்கு. வீடு மாறின பிறகு அட்ரஸ் மாத்தினீங்களோ என்னவோ?"

வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது, கை தானாக நீண்டுவிட்டது. முதல் கேள்வியே — நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாலும் ஒரு பெட்டி இருக்கும்: வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா? மறதியாக அதில் ஒரு டிக் அடித்தால் போதும்... இருபது வருட கிரீன் கார்டு கனவுக்கு அன்றோடு சமாதி. பேனாவை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்துத்தான் 'நோ' போடுவோம்.

"எனக்கு இல்லை, லிண்டா. சமீரா இங்கேயே பிறந்தவள். நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன்."

"எல்லா கவுன்சில் மீட்டிங்குக்கும் போறீங்களே!"

"போகலாம். பேசலாம். ஓட்டு மட்டும் கிடையாது."

அவர் முகம் வாடிவிட்டது. விண்ணப்பத்தை நான்தான் அவர் பையில் திரும்பச் சொருகினேன்.

வரிசையைப் பற்றி அதிகம் புலம்ப மாட்டேன். என்னை முதலில் ஸ்பான்சர் செய்த கம்பெனி மூடிவிட்டது; வரிசையின் வாலுக்குப் போய் மறுபடி நின்றேன். எல்லாத் தேதியையும் எழுதி வைக்கிற ஆள் நான். என் கிரீன் கார்டு தேதியை மட்டும் எழுத முடியவில்லை.

ஊரிலாவது ஓட்டு இருக்கிறதா? பட்டியலில் பெயரை எடுத்துவிட்டார்கள். கடைசியாக ஓட்டுப் போட்டது விமானம் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பு. அந்த மையோடுதான் டல்லாஸில் இறங்கினேன். நகம் வளர வளர மை மேலே மேலே ஏறியது. ஒரு சனிக்கிழமை காலை நகவெட்டியில் கடைசித் துண்டு போயிற்று. டைரியில் எழுதியிருக்கிறேன்: 'மை முடிந்தது.' அன்று அதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

அப்படிப்பட்டவனுக்கு நடைபாதையில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். ஜீனத் கார் ஓட்ட மாட்டாள். எங்கள் தெருவிலிருந்து நூலகம் பதினெட்டு நிமிட நடை. அதில் ஐந்து நிமிடம் நடைபாதையே கிடையாது. புல்லில் இறங்கி, ஆறு வழிச் சாலையின் ஓரமாக, ஹாரன் சத்தத்தோடு நடக்க வேண்டும். அதற்காக நகர கவுன்சிலில் நான்கு முறை பேசியிருக்கிறேன். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அது தீர்மானமாக ஓட்டுச் சீட்டுக்கு வந்திருக்கிறது. என் நான்கு மூன்று நிமிடங்களும் அதில் இருக்கின்றன. நான் இல்லை.

இப்போது அந்த அட்டையை நான் ஏன் எழுதினேன் என்று புரிகிறதா?

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி. டேலின் மகள் அன்று சபையில் பேசுகிறாள் என்று சமீராவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். நான்காவது வரிசை பெஞ்ச். மார்மன்களைப் பற்றி நான்கைந்து புத்தகம் படித்தவன் நான். மேற்கே பாலைவனத்துக்கு வண்டி கட்டிப் போன கதை தெரியும். ஒரு காலத்தில் யூட்டா மாநிலத்தில் அவர்களுக்கென்றே ஒரு கட்சி இருந்து, பிறகு அது கலைக்கப்பட்ட கதையும் தெரியும். தேர்தல் நேரத்தில் உள்ளே என்ன பேசுவார்கள் என்று காதால் கேட்டதில்லை.

டேல் எழுந்தார். தலைமையிடத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை வாசித்தார். சாரம் இதுதான்: பதிவு செய்யுங்கள். வேட்பாளர்களையும் பிரச்சினைகளையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் ஓட்டுப் போடுங்கள். பழக்கத்துக்காக ஒரே கட்சிக்குக் குத்தாதீர்கள். நல்லது பல கட்சிகளிலும் இருக்கும். சபை எந்தக் கட்சியையும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவில்லை. சபைக் கட்டடத்திலோ சபையின் பெயர்ப் பட்டியலை வைத்தோ யாரும் பிரசாரம் செய்யக் கூடாது.

நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். இதெல்லாம் முன்னுரை. இனிதான் பெயர் வரும்...

டேல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தார்.

எனக்கு ஏமாற்றம்! நான் வளர்ந்த ஊரில் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு பெயர் காதுக்குக் காது போகும். வீட்டுக்கு வருவதற்குள் என் அத்தா அதை முடிவாக்கியிருப்பார். எங்கள் வீட்டில் ஆறு ஓட்டு, ஒரே முடிவு. தப்பென்று யாரும் நினைத்ததில்லை. குடும்பம் என்றால் அதுதானே?

பார்க்கிங்கில் டேலை ஓரங்கட்டினேன். "நமக்குள்ள இருக்கட்டும். உங்க ஆள் யாரு?"

"சொன்னா, நான் சொன்னதா இருக்காது ஷா. சபை சொன்னதாப் போயிடும்."

"அடக்க முடியுதா?"

"பல் டாக்டர் சொல்றேன், கேட்டுக்கோங்க. கடிச்சுக் கடிச்சு என் நாக்குல தழும்பே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமை ராத்திரி எங்க வீட்டுல குடும்பமா உட்காருவோம். அன்னிக்கு அடிதடிதான். என் பையன் ஒவ்வொரு தடவையும் மாத்திப் போட்டு என் ஓட்டை கான்சல் பண்றான். பூத்துக்கு அவனை டிரைவ் பண்ணி கூட்டிட்டுப் போறதும் நான்தான்."

சமீரா காரில் சாய்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

இனி போன வாரத்துக்கு வருவோம். திட்டு வாங்கிய மறுநாள் அவளே மாடிக்கு வந்தாள்.

"அத்தா, அந்த கவுன்சில் நோட்புக்ஸ் வேணும்."

"எது?"

"ஆல் ஆஃப் தெம்."

கவுன்சில் கூட்டங்களில் உட்கார்ந்து நான் எழுதி வைத்தவை, ஏழு நோட்டு. மேஜையில் அடுக்கினேன். முதல் நோட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். எல்லாம் தமிழ். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. ஞாயிறு தமிழ்ப் பள்ளியை நிறுத்தியது யார் தப்பு என்பது வேறு சண்டை.

"நீங்க ரீட் பண்ணுங்க. பட் ஜஸ்ட் ரீட். நோ காமென்ட்ரி."

மூன்று மாலை வாசித்தேன். யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில், யார் எப்படி ஓட்டளித்தார்... நடைபாதை வேண்டாம் என்றவர்களின் வாதமும் அதில் இருந்தது. மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு பெரியவர் கண்கலங்கிப் பேசியதை நானே முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிவிட எவ்வளவு ஆசை! தாண்டவில்லை. வாசித்தேன்.

"டோன், அத்தா!" என்றாள் சமீரா.

"நான் ஒண்ணுமே சொல்லலையே?"

"நடைபாதை வேண்டாம்னு சொன்ன ஆள் பேரு வந்தா உங்க மூக்கு விடைக்குதுங்க" என்றாள் ஜீனத். அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள், என்னைக் கண்காணிக்க. "மூக்கையும் சேர்த்து அடக்குங்க."

நாக்கை அடக்கலாம் டேல். மூக்கை எப்படி அடக்குவது?

சமீரா தன் கையெழுத்தில் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு.

அன்றிரவு பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்தேன். என் முதல் ஓட்டு நாள். 'காலை 8.15. வரிசை நீளம். வெயில். ஓட்டுப் போட்டேன்.' யாருக்கு? எழுதவில்லை. ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். என் அத்தா என் டைரியைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் சொன்ன ஆளுக்கு நான் போடவில்லை.

சனிக்கிழமை சமீராவைக் கூட்டிப்போனேன். முன்கூட்டியே ஓட்டுப் போடும் மையம். வாசலிலிருந்து நூறு அடியில் ஒரு பலகை. அதற்கு உள்ளே பிரசாரம் கூடாது. நான் வாயைத் திறக்கப்போவதில்லை, என்றாலும் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவள் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மடித்த தாளோடு போனாள். 10.22. கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடியது. என் சட்டைப் பையில் என் அட்டை அப்படியே இருந்தது.

10.51க்கு வெளியே வந்தாள். சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர். மை இல்லை. விரலைப் பார்த்தேன், பழக்க தோஷம்.

"லாங் பேலட், அத்தா. நீதிபதிங்க மட்டும் ஒரு பக்கம் ஃபுல்லா இருந்தாங்க."

"ம்."

"நீங்க ஒண்ணுமே கேட்கலையா?"

"பசிக்குதா?"

காரில் ஏறியதும் டைரியை எடுத்தேன். தேதி, கிழமை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். அதன் கீழே ஒரு வரி காலி.

'நான் கேட்டா எங்கிட்ட சொல்லுவா' என்கிறாள் ஜீனத். நான் கேட்கச் சொல்லவில்லை... இன்னும்.