கடைசியாக இறங்குகிறவர்

எதிரே நிற்பவரின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுகிறார். புருவமும் சேர்ந்து அசைந்தால் சரி. ஹெல்மெட் மட்டும் அசைந்தால் அந்த ஆள் மலையேற முடியாது. “இது தலையில இருக்கா, தலைமேல இருக்கா?” என்று கேட்டுப் பட்டையை இறுக்குகிறார். அப்புறம் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி பிரேக்கை அழுத்துகிறார், டயரை அமுக்கிப் பார்க்கிறார். எட்டுப் பேருக்கும் இதே சோதனை. புதிதாக வந்த பல் டாக்டர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்த்தார். “நல்லாப் பாருங்க சார். மலை எங்கயும் போயிடாது” என்றார் இவர், குனிந்தபடியே.

வாரநாட்களில் இவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவுக்கு இவர் ‘வால்’. அடங்காத பிள்ளைகளுக்கு வைக்கிற பட்டம், ஐம்பத்திரண்டு வயதில் இப்படி அடங்கிய மனிதருக்கு அமைந்துவிட்டது. எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவார் என்பதுதான் காரணம். முதுகுப்பையில் கட்டுத்துணி, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், விசில். பாறை படிபடியாக இறங்கும் இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். யாராவது சிரித்தால், “நடந்தா கால்தான் வலிக்கும்” என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு இவர்தான் எல்லோருக்கும் முன்னால் இறங்குவாராம். ஒருநாள் மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். காற்றாய் இறங்கி, அடிவாரத்தில் டீ குடித்தபடி, எத்தனை நிமிடத்தில் வந்தேன் என்று கூட்டாளிகளிடம் அளந்துகொண்டிருந்தார். மச்சான் வந்துவிடுவான், வந்துவிடுவான் என்றே நாற்பது நிமிடம் போயிற்று. மச்சானோ மேலே ஒரு வளைவில் தொடை எலும்பு முறிந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஒரு தடவகூடவா திரும்பிப் பாக்கல நீங்க?”

“என்னன்னு பதில் சொல்றது? பாக்கலதானே” என்கிறார் என்னிடம். அதோடு சைக்கிளை விற்றுவிடச் சொன்னார்கள் வீட்டில். விற்கவில்லை. “வித்துட்டா தப்பு சைக்கிள் மேல போயிடும்.”

போன வாரம் அந்த மச்சானே வந்து நின்றார். நடையில் லேசான சாய்வு. முழங்காலில் புதுக் காப்புறை.

“மாமா, இன்னிக்கி நானும் வர்றேன்.”

“அக்காகிட்ட சொன்னியா?”

“அவதான் போகச் சொன்னா.”

மச்சானின் சைக்கிளை மட்டும் மூன்று தரம் பார்த்தார். சீட்டை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். “விடுங்க மாமா, இது லிஃப்ட் இல்ல, எட்டுப் பேர் ஏறப் போறதில்ல” என்றார் மச்சான். நாங்கள் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை.

இறங்கும்போது நான் அவர்களுக்குச் சற்று முன்னால் இருந்தேன். அந்த வளைவு வந்ததும் மச்சான் நின்றுவிட்டார். உருண்டைக் கல்லும் செம்மண்ணுமாகச் சரிவு கீழே போயிற்று.

“பயமா இருந்தா நடந்துடலாம்டா.”

“பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் ஓட்டிப் பாக்குறேன்.”

மச்சான் இறங்கினார். “இடுப்பப் பின்னால தள்ளு! கல்லப் பாக்காத, பாதையப் பாரு!” என்று பின்னாலிருந்து குரல் துரத்தியது. பின்சக்கரம் ஒருமுறை சறுக்கியது. மச்சான் கால் ஊன்றித் தடுமாறி, நிமிர்ந்து, வளைவைக் கடந்துவிட்டார். அதன் பிறகு அடிவாரம் வரை வால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அவர் பின்னாலேயே இறங்கினார்.

கீழே எல்லோரும் கையுறையைக் கழற்றித் தண்ணீர் குடித்தார்கள். வால் மட்டும் சைக்கிளில் உட்கார்ந்தபடியே இருந்தார். பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கி அப்படியே இறுகிப்போயிருந்தன. மச்சான் தன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீவி நீவி விரித்துவிட்டார்.