ஏரிக்கரையில் மூன்று கப் காபி

இது எனக்கு நடந்தது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் வேதியியல் படித்தவள். அளக்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. இதில் வரும் நேரங்கள் எல்லாம் என் களக் குறிப்பேட்டில் அன்றன்றே பென்சிலால் எழுதியவை.

போன குளிர்காலம். மலைமேல் ஒரு ஏரி. மேலிருந்து அடிவரை நீரின் வெப்பம் எப்படி மாறுகிறது, ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்று அளக்க ஆறு நாள் முகாம். காற்று எழும்புவதற்கு முன் படகில் ஏறிவிட வேண்டும். ஐந்து மணிக்குப் படகு. நாலரைக்குக் காபி.

நாங்கள் நான்கு பேர். ஆய்வுத் தலைவரான மேடம். வண்டியும் ஓட்டி, படகும் ஓட்டும் டிரைவர் அண்ணன். நான். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

அண்ணன் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பார். எதையும் எடை போட்டுப் பார்ப்பதால் நான் ‘தராசு’. புதியவள் முதல் நாளே ‘மூக்கி’ ஆகிவிட்டாள். வண்டியில் ஏறியவுடன், டீசல் எங்கோ கசிகிறது என்று மோந்து சொல்லிவிட்டாள். கசிந்துகொண்டுதான் இருந்தது.

முகாம் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவருக்கு ஆய்வகத்தில் நிரந்தர வேலை. மேடம் அதை மறைக்கவில்லை. நான் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்தாலே காது சூடாகிவிடும். மேடத்துக்கு என் முகம் நினைவிருந்தது என்றால், அது முகாமில் நான் போடும் காபியால்தான்.

மலையில் நல்ல காபி போடுவது லேசில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே வீட்டில் போடுவதுபோல் இறக்கி ஆறவிட்டால் தூள் சாறு விடாது. கொதித்த கையோடு ஊற்ற வேண்டும். கப்பை முன்னதாகவே வெந்நீரில் சூடாக்கி வைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு அறுபது கிராம் தூள். துணி வடிகட்டியில் போட்டு, முதலில் கொஞ்சமாக ஊற்றி, தூள் உப்பி எழும்வரை முப்பது விநாடி பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கேஸ் குப்பி. இரவுக் குளிரில் வெளியே வைத்தால் காலையில் சுடர் எழும்பாது. அதனால் எங்களிடம் இருந்த ஒரே குப்பியை என் தூக்கப் பைக்குள், காலடியில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

முதல் நாள் காலை மூக்கி என் காபியை மூக்கருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. தூள் வீட்லயே அரைச்சு எடுத்துட்டு வந்ததா?”

“ஆமா.”

“ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்போல.”

ஒன்பது நாள். அண்ணன் சிரித்தார்.

“தராசு, இனிமே உன் பாச்சா பலிக்காது.”

இரண்டாம் நாள் அவளே போட்டாள். பையிலிருந்து கொட்டையும், கையால் சுற்றும் சின்ன மில்லும் எடுத்தாள். கர்ர்... கர்ர்... என்று அரைத்து, அங்கேயே வடித்தாள். மேடம் ஒரு கப் குடித்துவிட்டு, காலிக் கப்பை மறுபடி நீட்டினார்.

“இவ்வளவு நாள் எங்கம்மா இருந்த?”

மூன்று ஆண்டில் மேடம் என்னிடம் இரண்டாவது கப் கேட்டதில்லை.

நானும் அந்தக் காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அன்று முழுக்கப் படகில் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவியை இறக்கும் கயிறு அவள் கையில் சிக்கினால் நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். சாயங்காலம் யாரும் இல்லாதபோது அவள் கொட்டைப் பொட்டலத்தை எடுத்து எடை போட்டேன். எவ்வளவு போடுகிறாள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி. 412 கிராம். குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

மூன்றாம் நாள்.

சத்தம் கேட்டு விழித்தேன். கர்ர்... கர்ர்... கர்ர்...

மணி 4:10.

முந்திக்கொண்டுவிட்டாள். என் அலாரம் 4:15க்கு. தெரிந்தேதான் ஐந்து நிமிடம் முன்னால் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பனிமூட்டம். சமையலுக்குக் கட்டிய தார்ப்பாய் முப்பது அடி தூரத்தில். அதன் கீழே ஒரு உருவம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. தலையையும் மூடி இழுத்துவிட்ட மழைக்கோட்டு. மில்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. டார்ச் இல்லை. இருட்டில் எப்படி அளக்கிறாள் என்று தோன்றியது. அந்த எரிச்சலிலும் அது தோன்றியது.

வாசனை வந்தது. அப்படி ஒரு காபி வாசனையை அதற்கு முன் நான் முகர்ந்ததில்லை. நேற்று அவள் போட்டது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

பத்தடி நெருங்கினேன். கப்களில் ஆவி பறந்தது.

அடுப்பில் சுடர் இல்லை.

‘இது என் வேலை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பின்னால் தும்மல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. மூக்கி தூக்கம் கலையும்போது மூன்று தும்மல் போடுவாள். சத்தம் அவள் கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது.

மேடத்தின் கூடாரம் மூடியிருந்தது. வண்டிக்குள் அண்ணனின் குறட்டை கேட்டது.

நான்கு பேர்தான் நாங்கள்.

எனக்கு முன்னால் மில் சுற்றுவது நின்றது.

“மூணு கப்தான் வரும்.”

பெண் குரல். சளி பிடித்ததுபோல. திரும்பிப் பார்க்கவில்லை.

“யாருக்கு வேண்டாம்?”

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். ‘எனக்கு’ என்று சொல்லியிருக்கலாம்.

யார் கேட்டாலும் திறக்காத என் வாய் திறந்தது.

“கடைசியா வந்தவளுக்கு.”

“சரி.”

கண்ணை மூடிக்கொண்டேன்...

எண்ணவில்லை. மூச்சுக்கூட விடவில்லை...

திறந்தபோது யாரும் இல்லை. 4:14.

மூன்று கப்பில் காபி. நான்காவது கப் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் கூடாரத்துக்குத் திரும்பினேன். தூக்கப் பைக்குள் கையை விட்டேன்.

கேஸ் குப்பி உள்ளேதான் இருந்தது. கதகதப்பாக.

மறுபடி தார்ப்பாய்க்குக் கீழே வந்து உட்கார்ந்தேன். நாலரைக்கு எல்லாரும் வந்தார்கள். ஆவி இன்னும் அதே அளவு பறந்துகொண்டிருந்தது. மேடம் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

“யார் போட்டது இது?”

“தராசுதான். வேற யாரு? எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கா,” என்றார் அண்ணன்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமானதுதான்.

“மூக்கிக்கு இல்லையா?”

என் கப்பிலிருந்து பாதியை அவளுக்கு ஊற்றினேன். அவள் வாயில் வைத்தாள். புருவம் சுருங்கியது.

“அக்கா... இது வெந்நீர்.”

அண்ணன் சிரித்தார். “என்னம்மா, சளியா?”

“இல்லண்ணா. நிஜமா. நிறம்கூட இல்ல, பாருங்க.”

நான் பார்த்தேன். என் கண்ணுக்குக் கருஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது. அவள் மேடத்தின் கப்பை மோந்தாள். “இதுலயும் ஒண்ணும் இல்ல மேடம்.”

மேடம் கப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போட்டி வேலையில இருக்கட்டும்மா. கப்ல வேண்டாம்.”

மூக்கியின் கண் கலங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயத்தையும் மீறி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பாதிக் கப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அதன்பிறகு மூன்று காலை நான் வெளியே போகவில்லை. 4:10க்குச் சத்தம் கேட்கும். காதைப் பொத்திக்கொள்வேன். 4:14க்கு நிற்கும். நாலரைக்கு மூன்று கப் இருக்கும். மூக்கி பக்கத்திலேயே வரவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படகில் ஏறிவிடுவாள். யாரோடும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறாம் நாள் சாமான் கட்டும்போது என்னிடம் வந்தாள்.

“அக்கா, எல்லாத்தையும் எடை போடுவீங்களே. என் கொட்டைப் பொட்டலத்தப் போட்டுப் பாத்தீங்களா?”

“இல்ல.”

அன்று காலையும் பார்த்திருந்தேன். அதே 412 கிராம். நான்கு நாளில் ஒரு கொட்டைகூடக் குறையவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. மூக்கி வேறு ஊரில் சேர்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாளே தொடங்கிவிட்டது. என் அறையில் காபி போட்டேன். வெந்நீர். தூளை மாற்றினேன். பாலை மாற்றினேன். வெந்நீர். அலுவலகத்தில் மேடம் கேண்டீன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். “காபின்னு கேட்டா வெறும் தண்ணிய சுட வெச்சுக் குடுக்கறீங்களா?” அவர் பாவம், திருதிருவென்று விழித்தார். என்னைப் பார்த்ததும் மேடம் குரலைத் தாழ்த்தினார். “ஏரியில போட்ட மாதிரி ஒரு தடவ போடேன்மா.”

அடுத்த முகாமில் போடுகிறேன் என்றேன்.

அதிகாலையில் விழிப்பும் வந்துவிடும். நாக்கில் அந்தச் சுவை இருக்கும். எழுந்து உட்கார்வதற்குள் போய்விடும். அழுகை வரும்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள், அந்த நேரத்தில் போன் அடித்தது. டிரைவர் அண்ணன்.

“முழிச்சிட்டு இருக்கியா தராசு?”

“ம்.”

“தினமுமா?”

“ம்.”

“எத்தன மணிக்கு?”

சொன்னேன். அவருக்கும் அதே நேரம்தானாம். பிறகு, “அந்தக் காபிய எப்படிம்மா போட்ட? மறைக்காம சொல்லு. என்னால முடியல.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம்தான் என் வேலையை உறுதிசெய்யும் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போட இருந்தார். அண்ணன் எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார், மேடத்திடம் சொல்லிவிடுவார்.

“லிட்டருக்கு அறுபது கிராம் அண்ணா,” என்றேன். “கொதிச்ச கையோட ஊத்தணும்.”

“போட்டுப் பாத்துட்டேன். வெந்நீர்தான் வருது.” பெருமூச்சு விட்டார். “அந்தத் தண்ணியில இருக்கும்போல. ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்.”

போனார். வரவில்லை.

மூன்று நாள் கழித்து ஏரிக்கரையில் வண்டி மட்டும் கிடைத்தது. கதவு மூடியிருந்தது. சாவி உள்ளேயே. போலீஸ் வந்து என்னிடமும் விசாரித்தது. எனக்கு எதுவும் தெரியாது என்றேன். கடிதம் அதற்கு முந்தின நாள் கைக்கு வந்திருந்தது.

நேற்று மனசு கேட்காமல், ஏரிக்குப் போகும் சாலையில் கேட்டைத் திறந்துவிடும் காவலாளிக்குப் போன் செய்தேன். முகாமின்போது உள்ளே போக வர நான்தான் அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். என்னை நன்றாகத் தெரியும்.

“டிரைவர் அண்ணன் வந்தப்ப ஏதாவது சொன்னாரா?”

“என்னைக் கேக்கறீங்களேம்மா?” அவர் குழம்பினார். “நீங்கதான கூட வந்தீங்க.”

“நானா?”

“பின்சீட்ல. தலையக் குனிஞ்சுட்டே உக்காந்திருந்தீங்க. எப்பவும் போல ஒரு வார்த்தை பேசல.”

அண்ணன் ஏரிக்குப் போன அன்று இரவு நான் என் அறையில் இருந்தேன். பக்கத்து அறைத் தோழிக்குக் காய்ச்சல். விடிய விடிய அவளோடு விழித்திருந்தேன். அவளைக் கேட்டால் சொல்வாள்.

“மறுநாள் காலைல நீங்க மட்டும் நடந்து திரும்பி வந்தீங்க,” என்றார் அவர். “அஞ்சரை மணி இருக்கும். வண்டி எங்கன்னு கேட்டேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருந்தீங்க.”

“எந்தப் பக்கம்?”

“உங்க ஊர்ப் பக்கம்தான்மா. நெடுஞ்சாலையப் பிடிச்சு.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஏரியிலிருந்து இங்கே 310 கிலோமீட்டர். காவலாளி பார்த்த அவள் கிளம்பி இன்றோடு பன்னிரண்டு நாள். நாளுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்தால்கூட, நாளை காலை ஊருக்குள் வந்துவிடுவாள்.

நெடுஞ்சாலை வழியாக வந்தால் மேடத்தின் வீடு முதலில் வரும். என் அறை அதற்கும் பத்து கிலோமீட்டர் தள்ளி.

மேடத்துக்குப் போன் செய்து எச்சரிக்க வேண்டும். இரண்டு முறை எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அந்தக் காபி எனக்கு முன்னால் அவருக்குக் கிடைத்துவிடும். அதை நினைத்தால் பயம் வரவில்லை. வயிறுதான் எரிகிறது.