லெட்சுமியின் கையும் பனிக்குடச் சவ்வும்: கேமரன் மலையிலிருந்து ஈப்போ வரை

எழுபத்தைந்து வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்ற கையோடு, 1978இல் நாங்கள் போன பயணத்தை எழுதுகிறேன். தீப்புண்ணோடு இந்த மலையை விட்டு இறங்க வேண்டியவர்களுக்கு உதவும்.

குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் கவிழ்ந்து, என் மனைவி லெட்சுமியின் வலது கை வெந்துபோனது. அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். வெந்த இடத்தில் கிச்சாப், அதாவது சோயா சாறு, ஊற்றுவது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வழக்கம். பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு போத்தலோடு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சீழ் வைத்தது. "கைய எடுக்க வேண்டியதுதான்" என்றார் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர்.

"அத ஈப்போ பெரியாஸ்பத்திரியில சொல்லட்டும்" என்றாள் லெட்சுமி.

அவள் அண்ணன் முனியாண்டி மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவர். அதிலேயே காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அடிவாரத்துத் தாப்பா வரை எழுபது கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவு. வாந்தி வராமலிருக்க, உப்பில் ஊறிய பிளம் பழமான ஆசாம்போய் வாயில் இருக்கட்டும். பத்து மணிக்கு ஈப்போ மருத்துவமனை.

டாக்டரம்மா முதலில் கிச்சாப்பைக் கழுவினார். பிறகு, பிள்ளையைச் சுற்றி இருக்கும் பனிக்குடச் சவ்வைச் சுத்தம் செய்து புண்மேல் போர்த்தலாம் என்றார். அதற்கடியில் சதை தேறியதும் தொடைத்தோலை எடுத்து ஒட்டுவார்களாம். கை தப்பிக்க அது ஒன்றே வழி.

முனியாண்டி துள்ளினார். "தீட்டுலா, மாப்ள! மண்ணுல பொதைக்கிறத யாராச்சும் மேல ஒட்டுவாங்களா? கை போனா போவட்டும்!"

"கை எனக்குத்தானே அண்ணே?" என்றாள் லெட்சுமி. "நீ பொறக்கறப்பவும் அதுதான் சுத்தி இருந்திச்சு. ஒன்ன வளத்தாங்களா, பொதைச்சாங்களா? போய் லோரியப் பாரு, கோசு வாடுது."

அன்று பிரசவித்த மலாய்ப் பெண்ணும் அவள் கணவரும் சம்மதித்தார்கள். நஞ்சுக்கொடியை வீட்டில் புதைப்பதற்காக அவர் சட்டியோடு காத்திருந்தார். டாக்டரம்மா சவ்வை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள, அவர் மீதியை எடுத்துப் போனார். ஈரமான கண்ணாடித்தாள் மாதிரி அந்தச் சவ்வு லெட்சுமியின் கையில் படிந்தது. அன்றைக்குத்தான் அவள் வலியில்லாமல் தூங்கினாள்.

இப்போது அதே சவ்வைக் கட்டடச் சாரம்போல ஆக்கி, அதன்மேல் ஸ்டெம் செல் வளர்த்துத் தீப்புண்ணை ஆற்ற முயல்கிறார்களாம். வானொலியில் கேட்டபோது லெட்சுமி சிரித்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெந்தால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கிச்சாப், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் இறங்குங்கள். தீட்டு பேசும் உறவினரை வெளி பெஞ்சில் உட்கார வையுங்கள்.

தொடைத்தோலும் ஒட்டி ஆறி, ஐந்து மாதம் கழித்து லெட்சுமி மறுபடி கூடை மாட்டினாள். கங்காணி அந்தக் கையையே பார்த்தார். அவள் அதே கையால் இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சாயங்காலம் நெறுவையில எத்தன கிலோன்னு பாத்துக்குங்க கங்காணி" என்று சொல்லிவிட்டு, அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.