தோள்பட்டைக்குத் தனி நேரம்

உடைந்த எலும்பைக் கட்டும் டாக்டருக்குக் கும்பிடு கிடைக்கும். கட்டுப் பிரித்த பிறகு "கையைத் தூக்கு" என்று சொல்லும் எங்களுக்கு வசவுதான் கிடைக்கும். அடுத்தவர் கைகாலை அசைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தனியாக வந்தவர்

1950களின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். தோள் பிடித்துக்கொண்டவர்கள் காலையில் கூட்டமாக நின்று, கை உயர்வதற்கான பயிற்சியாக, சுவரில் விரலால் அங்குலம் அங்குலமாக ஏறுவார்கள். அவரவர் கை எட்டிய இடத்தில் கரிக்கோடு போடுவேன். ஒருவர் கோட்டைப் பார்த்து இன்னொருவர் கேலி செய்வார். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த எனக்கு இந்தச் சந்தைக்கடை பிடிக்குமா? டாக்டரை நச்சரித்து, மாலையில் ஆளுக்கு ஒரு தனி நேரம் ஏற்பாடு செய்தேன்.

முதலில் வந்தவர் சாலவாக்கத்து மிராசுதார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் வலது தோள் இறுகிப் போயிருந்தது. ஊர்த் தேர் கிளம்பும்போது மேல்துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுவது அவர் வீட்டு மரியாதை. கை எழும்பாவிட்டால் அது பங்காளிக்குப் போய்விடும். பாவம், மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார். ஆனால் ஒரு வண்டி ஆட்களோடு வந்தார். விசிற ஒருவர், வெற்றிலை மடிக்க ஒருவர், எனக்குப் புத்தி சொல்ல ஒருவர். "தனியாக அல்லவா வரச் சொன்னேன்?" என்றேன்.

"தனியாத்தாம்பா வந்துகீறேன். இவங்கல்லாம் என் ஆளுங்கதானே?"

பதில் கை

நான் லேசாகத் தொட்டாலே மிராசுதார் அலறுவார். அவர் அலறினால் வண்டியோடு வந்தவர்கள் எல்லோரும் அலறுவார்கள். கை மூக்குக்கு மேல் போகவில்லை, தேரோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை அவரைக் காணோம். அவருடைய பண்ணையாள் கன்னியப்பன் மட்டும் வந்து, பவ்யமாகச் சுவர் முன்னால் நின்றார்.

"ஐயாவுக்கு வலிக்குதாம் சார். இன்னா பண்ணணும்னு சொல்லு, நானே பண்ணிட்டுப் போறேன். அவரு வேலை எல்லாம் நாந்தானே பண்ணிக்கினு கீறேன்?"

மேற்பார்வை

பதில் ஆளைத் திருப்பி அனுப்பிய குற்றத்துக்காக என்னைத் திட்ட, மறுநாள் காலையிலேயே மிராசுதார் வந்துவிட்டார். கூட்டம் சுவரேறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கரிக்கோடு யாருடையது என்று கேட்டார். முனியம்மாளுடையது என்றேன். நெற்கட்டோடு வரப்பில் விழுந்து தோள் முறிந்தவள். அவர் வயலில்தான் கூலி வேலை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சும்மா மேற்பார்வை பாக்கறேன்" என்று முனகியபடி அவள் பக்கத்தில் நின்று சுவரில் விரலை வைத்தார். அவள் எதிரில் அலற முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். முனியம்மாள் சும்மா இருக்கவில்லை.

"வயல்ல ஒரு நாளும் எங்கள நிமிர வுட்டதில்ல. இப்ப நீங்க கொஞ்சம் நிமிருங்க ஐயா!"

தேர்

தேர் வரைக்கும் தினமும் காலையில் 'மேற்பார்வை' நடந்தது. துண்டு தலைக்கு மேல் சுழன்றது, தேர் கிளம்பியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. வேறு காரணத்தால் பங்காளிக்கும் கலங்கியது. எப்படிக் குணமானது என்று ஊரார் கேட்க, சுவரேறிய அதே கையை நன்றாக நீட்டி மிராசுதார் என்னைக் காட்டினார்.

"எல்லாம் தனியாப் பாத்துக்கினதால வந்த குணம். கூட்டத்துல நின்னா ஆவுமா?"

அடுத்த வாரம் சாலவாக்கமே தனி நேரம் கேட்டு வந்து இறங்கியது, ஒரே வண்டியில்.